கப்பலேறும் பேட்டரி வண்டி: வாசகர் கேள்வி பதில்

மூட்டு தேய்ந்தவர்களும் பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களும் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி ஸ்கூட்டரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். எதை வாங்கலாம், எப்படிப் பராமரிக்கலாம் என்பதுதான் அந்தக் கட்டுரை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறொன்றைக் கேட்டிருக்கின்றன: இந்த வண்டியைக் கப்பல் சுற்றுலாவுக்குக் கொண்டுபோக முடியுமா? முடியும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியவை சில உண்டு.

ஏனுங்க, அம்மாவுக்கு 71 வயசு. ரெண்டு முழங்காலும் போச்சு. தோட்டத்துக்குள்ளயும் கோயிலுக்கும் பேட்டரி வண்டியிலதான் போறாங்க. தம்பி சிங்கப்பூர்ல இருந்து கிளம்புற நாலு ராத்திரி கப்பலுக்கு ஏற்பாடு பண்றான். கோயமுத்தூர் ஏர்போர்ட்ல வண்டிய ஏத்துவாங்களா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

ஏற்றுவார்கள். ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது வண்டியின் எடையோ விலையோ அல்ல, பேட்டரிதான். இன்றைக்கே பேட்டரியைக் கழற்றி, மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள்.

அதில் 'லித்தியம் அயான்' என்று இருந்தால், எத்தனை வோல்ட், எத்தனை ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்) என்று பார்த்து இரண்டையும் பெருக்குங்கள். வருவது வாட்-ஹவர், அதாவது பேட்டரி தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவு. 24 வோல்ட், 10 ஏ.ஹெச். என்றால் 240 வாட்-ஹவர். 24 வோல்ட், 12 ஏ.ஹெச். என்றால் 288. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரிக்குச் சர்வதேச விமான விதிப்படி உச்ச வரம்பு 300 வாட்-ஹவர். வண்டியே இரண்டு பேட்டரியில் ஓடுவதென்றால் ஒவ்வொன்றும் 160-க்குள் இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி, முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனித்தனிப் பையில் போட்டு, அம்மாவோடு விமானத்துக்குள் கையில் எடுத்துப் போக வேண்டும். வண்டி மட்டும் அடியில் சரக்கு அறைக்குப் போகும். உதிரியாக 300-க்குள் ஒன்று, அல்லது 160-க்குள் இரண்டு எடுத்துப் போகலாம், அதுவும் கைப்பையில்தான்.

சீட்டில் 'சீல்டு லெட் ஆசிட்', 'ஜெல்' அல்லது 'ஏ.ஜி.எம்.' என்று இருந்தால் அது கொட்டாத பேட்டரி வகை. இதற்கு வாட்-ஹவர் வரம்பு கிடையாது. வண்டியோடு கெட்டியாகப் பொருத்தி, முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி மூடி, தானாக ஓடிவிடாமல் இணைப்பைத் துண்டித்து அப்படியே அனுப்பலாம். பழைய, கனமான பேட்டரி என்று நாம் சலித்துக்கொள்வதுதான் விமானத்தில் பல சமயம் சிக்கலில்லாமல் போகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: பட்டறையில் யாராவது இன்வெர்ட்டருக்குப் போடுவது போன்ற தண்ணீர் ஊற்றும் பேட்டரியை மாட்டிக் கொடுத்திருந்தால் அதை எடுத்துப் போகாதீர்கள்.

விமான நிறுவனத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள் என்பது எங்கள் யோசனை. சொல்லும்போது குறியீட்டையே சொல்லிவிட்டால் தொலைபேசியில் இருப்பவருக்குக் குழப்பம் வராது. லித்தியம் வண்டிக்கு 'டபிள்யூ.சி.எல்.பி.', கொட்டாத பேட்டரிக்கு 'டபிள்யூ.சி.பி.டி.'. அம்மாவுக்குத் தனிக் குறியீடு உண்டு: படியேற முடிந்தால் 'டபிள்யூ.சி.ஹெச்.ஆர்.', முடியாதென்றால் 'டபிள்யூ.சி.ஹெச்.எஸ்.', இருக்கை வரை தூக்கியே போக வேண்டுமென்றால் 'டபிள்யூ.சி.ஹெச்.சி.'. கூச்சப்பட்டு ஆர். என்று சொல்லிவிட்டு, விமானப் படிக்கட்டின் அடியில் அம்மாவை நிறுத்திவைக்காதீர்கள். மடித்த நீள அகல உயரம், எடை, பேட்டரிச் சீட்டின் படம் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பி, அவர்கள் தரும் ஒப்புதலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனையில் அந்தத் தாள்தான் பேசும்.

எங்க அப்பாரு வண்டியில 24 வோல்ட், 20 ஏ.ஹெச். லித்தியம் பேட்டரி இருக்குங்க. கணக்குப் போட்டா 480 வருது. வேற வழி இருக்குதுங்களா? (வாசகர், திருப்பூர்)

கழற்றக்கூடியது என்றால் அது விமானம் ஏறாது. வண்டிச் சட்டத்துக்குள்ளேயே நிலையாகப் பொருத்தி, அடிபடாமல் பாதுகாத்திருக்கும் லித்தியத்துக்கு 300 வரம்பு இல்லை. அதற்கும் விமான நிறுவனம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நல்ல வழி, வண்டி தயாரித்தவரிடமே 10 அல்லது 12 ஏ.ஹெச். சிறிய பேட்டரி கேட்டு வாங்குவது. ஓடும் தூரம் பாதியாகும். ஆனால் கப்பலுக்குள் ஒரு நாளில் அப்பாரு நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப் போவதில்லை. உள்ளூரில் செல் வாங்கிப் பற்றவைத்துக் கொடுக்கும் பேட்டரியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். விமானத்தில் போகும் லித்தியம் பேட்டரி ஐ.நா. 38.3 என்ற சோதனையில் தேறிய வகையாக இருக்க வேண்டும். எழுத்தே இல்லாத நீல நிறப் பிளாஸ்டிக் உறையைப் பார்த்ததும் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வானத்தில் தீப்பிடித்தால் இறங்க இடமில்லை.

விமானமே வேண்டாம் என்றால் அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து ஏறுவதா, கொச்சியிலிருந்து ஏறுவதா? (வாசகர், பொள்ளாச்சி)

பேட்டரி வண்டியோடு போகும் கொங்கு நாட்டுக்காரருக்கு எங்கள் ஓட்டு கொச்சிக்குத்தான். கோவையிலிருந்து சென்னை சுமார் 500 கி.மீ.; கொச்சி 190 கி.மீ. அளவுதான். குதிரான் சுரங்கம் வந்த பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியே காரில் போவது சுலபமாகிவிட்டது. இன்னோவா, எர்டிகா போன்ற வண்டிகளில் பின்வரிசையை மடித்தால் மடிப்பு ஸ்கூட்டர் உட்காரும். கொச்சியில் எர்ணாகுளம் வார்ஃபில் 2021-இல் திறந்த 'சாகரிகா' பயணியர் முனையம் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடல் கொந்தளிக்கும், அந்த மாதங்களைத் தவிருங்கள்.

ரயிலில் சென்னை போவதென்றால், பகுதி பகுதியாகப் பிரியும் வண்டியாக இருந்தால் மட்டும் முயலுங்கள். பெட்டியின் படியும் வாசலும் முழு வண்டிக்கு ஏற்றவை அல்ல. வெயில் காலத்தில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சூடு அதன் ஆயுளை நேரடியாகக் குறைக்கும்.

சாதாரண அறை விலை குறைவு. வண்டிக்கு வாசல் பற்றாதா என்ன? (வாசகர், ஈரோடு)

பெரும்பாலும் பற்றாது. இங்கேதான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறோம்.

கப்பலில் சாதாரண அறைக் கதவின் திறப்பு 56 முதல் 58 செ.மீ. வரைதான் இருக்கும். மாற்றுத்திறனாளி அறையில் குறைந்தது 81 செ.மீ. சிறிய மூன்று சக்கர வண்டி 50 முதல் 55 செ.மீ. அகலம். கணக்கில் நுழைகிறது என்று தோன்றும். ஆனால் நடைபாதை ஒடுக்கமானது. அதிலிருந்து வண்டியை 90 பாகை திருப்பித்தான் கதவுக்குள் விட வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஒரு பக்கம் குளியலறைச் சுவர், மறுபக்கம் அலமாரி. கட்டிலுக்குப் பக்கத்தில் திரும்ப இடமில்லாமல் பின்னோக்கியே வெளியே வர வேண்டியிருக்கும்.

வண்டியை நடைபாதையில் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய எல்லாக் கப்பல் நிறுவனங்களும் அதைத் தடை செய்திருக்கின்றன. தீ விபத்தில் ஆயிரக்கணக்கானோர் புகைக்குள் அந்த நடைபாதை வழியாகத்தான் ஓடிவர வேண்டும். ஒரு வண்டி குறுக்கே நின்றால் பின்னால் வருபவர்கள் அனைவரும் மாட்டிக்கொள்வார்கள். நிறுத்துவதும் சார்ஜ் போடுவதும் அறைக்குள்ளேதான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுவரிலிருந்து 57 செ.மீ. தள்ளி ஒரு அட்டைப் பெட்டியை நிறுத்துங்கள். அதுதான் கதவு. கதவுக்கு முன்னால் 110 செ.மீ. அகலத்தில் சாக்பீஸில் நடைபாதை வரையுங்கள். உட்கார்ந்து ஓட்டுபவரே கோட்டைத் தாண்டாமல் திரும்பி நுழைந்து வரட்டும். வண்டியின் அகலத்தை அளக்கும்போது கைப்பிடி, கண்ணாடி, பக்கவாட்டில் தொங்கும் பை எல்லாவற்றையும் சேர்த்து அளங்கள். சக்கரத்தை மட்டும் அளந்து ஏமாறுவோர் அதிகம்.

நுழையாவிட்டால் இரண்டே வழி. ஒன்று, கதவருகே இறங்கி நான்கடி நடக்க முடிகிறவருக்கு மடிப்பு வண்டி. மடித்து அலமாரி ஓரமாக நிறுத்திவிடலாம். இல்லையென்றால் மாற்றுத்திறனாளி அறை. அதில் சுமார் 150 செ.மீ. வட்டத்தில் வண்டியைத் திருப்பலாம்; குளியலறையில் படி இருக்காது, கைப்பிடிக் கம்பியும் குளிக்க உட்காரும் பலகையும் இருக்கும். பெரிய கப்பலிலும் இவை சில பத்துதான், முதலில் தீர்ந்துபோவதும் இவைதான். இணையத்தில் தானாகப் பதிவு செய்யாமல், நிறுவனத்தின் சிறப்பு உதவிப் பிரிவிடம் பேசிப் பதியுங்கள். அவர்கள் அனுப்பும் படிவத்தில் வண்டியின் அளவு, எடை, பேட்டரி வகை மூன்றையும் நிரப்ப வேண்டும்.

அந்தப் படிவத்தில் வெறுமனே 'ஸ்கூட்டர்' என்று எழுதாதீர்கள். நின்று ஓட்டும் மின்சார ஸ்கூட்டர், ஹோவர்போர்டு போன்றவை கப்பலில் தடை செய்யப்பட்ட பொருள்கள். 'மொபிலிட்டி ஸ்கூட்டர், நடமாட்ட உதவிச் சாதனம்' என்று முழுதாக எழுதுங்கள். மருத்துவர் கடிதம் ஒன்றும் உடன் இருக்கட்டும்.

கப்பல்ல நம்மூரு பிளக் சேருமா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோறதா இருக்கறனுங்க. (வாசகர், கரூர்)

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஏறும்போது சோதனையில் பறித்துவைத்து, இறங்கும் நாளில்தான் திருப்பிக் கொடுப்பார்கள். காரணம் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரத்தில் நியூட்ரல் பூமியோடு இணைந்திருக்கும். பல கப்பல்களில் அப்படி இல்லை, இரண்டு கம்பியுமே மின்னழுத்தம் உள்ளவை. மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் சர்ஜ் புரொடக்டர் உள்ள பெட்டியை அங்கே மாட்டினால், அந்தப் பாகம் வழியே மின்சாரம் கசிந்து, சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது.

அறையில் பொதுவாக இரண்டு வகை பிளக் துளை இருக்கும்: அமெரிக்கத் தட்டைப் பின் 110 வோல்ட், ஐரோப்பிய உருண்டைப் பின் 220 வோல்ட். நம்முடைய மூன்று உருண்டைப் பின் இரண்டிலும் நுழையாது. சார்ஜரின் முதுகில் 'இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் எதிலும் போடலாம். 220 அல்லது 230 என்று மட்டும் இருந்தால் ஐரோப்பியத் துளையில்தான் போட வேண்டும். 110-இல் விளக்கு எரிந்தாலும் பேட்டரி ஏறாது.

அடாப்டரைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு. பல சார்ஜர்களில் சுவருக்குப் போகும் வயர் தனியாகக் கழலும், கம்ப்யூட்டருக்குப் போடும் அதே வயர்தான். அதற்கு ஐரோப்பியப் பின் வைத்த வயரைக் கம்ப்யூட்டர் கடையில் வாங்கிவிட்டால், ஆடும் கப்பலில் அடாப்டர் தளர்ந்து தீப்பொறி விடும் கவலை இருக்காது.

12 ஏ.ஹெச். பேட்டரியை 2 ஆம்பியர் சார்ஜர் நிரப்ப ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். பல கப்பல்களில் அறைச் சாவி அட்டையைச் சுவரிலிருந்து எடுத்ததும் துளைகளில் மின்சாரம் நின்றுவிடும். பகலில் சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போனால், திரும்பி வரும்போது பேட்டரி போட்டது போட்டபடியே கிடக்கும். இரவில் போடுங்கள். லெட் ஆசிட் பேட்டரி என்றால் கொஞ்சமே ஓடியிருந்தாலும் தினமும் இரவு போடுங்கள், காலியாகக் கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து கெட்டுவிடும்.

ஒவ்வொரு ஊரிலும் அம்மாயி கரையிறங்க முடியுமா? (வாசகி, தாராபுரம்)

முடியும் ஊரும் உண்டு, முடியாத ஊரும் உண்டு. பயணத் திட்டத்தில் 'டெண்டர்' என்ற சொல்லைத் தேடுங்கள். கப்பல் துறையில் கட்டாமல் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களை இறக்குவதற்கு அந்தப் பெயர். அலையில் மேலும் கீழும் ஆடும் படகுக்குள் கால் வைத்துத் தாண்ட வேண்டும். 25, 30 கிலோ வண்டியைத் தூக்கிக் கொடுக்கப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அலை அதிகம் என்றால் கப்பல் தலைவர் எவரையும் இறக்க வேண்டாம் என்பார், அதில் வாதம் கூடாது.

சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல் பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் கட்டும்; இறங்கினால் ஜார்ஜ் டவுன் பக்கத்திலேயே. கிள்ளான் துறைமுகத்திலும் கட்டும். புக்கெட்டில் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிடும் கப்பல்கள் பல. லட்சத்தீவில் பவளப்பாறைக்கு வெளியே நின்று படகில்தான் இறக்குவார்கள். கூடவே சாதாரண மடக்கு சக்கர நாற்காலி ஒன்று எடுத்துப் போனால் அம்மாயிக்குப் பாதி ஊர்களாவது கிடைக்கும். வாங்க வேண்டியதில்லை, கப்பல் வரவேற்பில் கேட்டால் சில சமயம் அன்றைக்கு மட்டும் தருவார்கள்.

துறையில் கட்டினாலும் இறங்கும் பலகையைப் பாருங்கள். கடல் ஏறி இறங்க அதன் சரிவும் மாறும். காலையில் சமமாக இருந்தது மாலையில் செங்குத்தாக நிற்கும். சிறு வண்டிகள் 6 முதல் 8 பாகைச் சரிவு வரைதான் தாங்கும். கப்பல் பணியாளர் தள்ளிவிட வரும்போது, பின்சக்கரத்துப் பக்கத்தில் இருக்கும் ஃபிரீவீல் நெம்புகோலைத் தள்ளிவிடச் சொல்வார்கள். அதைத் தள்ளினால் மோட்டாரின் பிரேக் விலகி, வண்டி கட்டவிழ்ந்த மாட்டு வண்டி போல உருளும். ஆகவே முதலில் அம்மாயி இறங்க வேண்டும், முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் பிடிக்க வேண்டும், அதன் பிறகே நெம்புகோல். கீழே போனதும் அதைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்துவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் ரயில், பஸ் ஏறுவதென்றால் வண்டி 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம், 150 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும்.

பயணம் முடிந்து எடுத்தால் வண்டி நகரவே மாட்டேன் என்கிறது, பீப் பீப் என்று கத்துகிறது. எங்கே பார்ப்பது? (வாசகர், நாமக்கல்)

லாரிப் பட்டறை ஊர்க்காரருக்கு இது பெரிய வேலை அல்ல. ஆனால் வரிசை தவறாமல் பாருங்கள். முதலில் ஃபிரீவீல் நெம்புகோல்: ஏற்றி இறக்கியவர்கள் அதைத் திறந்தே விட்டிருப்பார்கள். திறந்திருந்தால் வண்டி ஓடாது. பத்தில் பெரும்பாலானவை இதோடு சரியாகிவிடும். அடுத்து சார்ஜர் வயர் இன்னும் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியிருந்தால் கன்ட்ரோலர் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) ஓட விடாது. பிறகு பேட்டரிப் பெட்டி முழுதாக அமர்ந்திருக்கிறதா, பக்கத்தில் இருக்கும் சிறிய பிரேக்கர் பொத்தான் வெளியே துருத்தி நிற்கிறதா என்று பார்த்து அழுத்துங்கள். ஸ்டியரிங் தண்டை மடிக்கும் இடத்தில் வயர் நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் மல்டிமீட்டர். 24 வோல்ட் லெட் ஆசிட் ஜோடி நிரம்பி ஓய்வில் இருந்தால் 25.5-க்கு மேல் காட்டும். 24-க்குக் கீழே என்றால் காலி. நிற்கும்போது 25 காட்டி, ஓட்ட முயலும்போது 21-க்குச் சரிந்தால் பேட்டரி ஆயுள் முடிந்துவிட்டது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இந்தச் சோதனையைச் செய்து மாற்றிவிடுவது நல்லது. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிதைப் பழையதோடு பூட்டினால் புதிதும் சீக்கிரமே கெடும்.

உதிரிச் சாவி, அதே ஆம்பியர் ஃபியூஸ், ஆலன் கீ, டேப் இவற்றை ஒரு டப்பாவில் போட்டுப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். ஆலன் கீ கைப்பையில் இருந்தால் விமானச் சோதனையில் நிறுத்துவார்கள்.

கப்பல் ஆடும்போது வண்டி கவிழாதா? ஆபத்து வந்தால் என்ன செய்வது? (வாசகர், சத்தியமங்கலம்)

பெரிய கப்பலின் ஆட்டத்தில் நிற்கும் வண்டி கவிழ்வதில்லை. சாவியை அணைத்ததும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். கவிழ்வது, ஓட்டுபவர் வேகமாகத் திரும்பும்போதுதான், அதிலும் மூன்று சக்கர வண்டி. வேகத் திருகியை ஆமைப் படத்துப் பக்கம் வைத்து ஓட்டுங்கள். காலையில் மேல்தளத்தைக் கழுவிவிடுவார்கள். ஈரப் பலகையில் முன்சக்கரம் வழுக்கும். மேல்தளக் கதவுகளின் கீழ் நிலைச்சட்டத்தை நேராக ஏறிக் கடக்க வேண்டும், சாய்வாக ஏறக் கூடாது. இரவில் ஒரு ராட்செட் பெல்ட்டால் வண்டியைக் கட்டில் காலோடு கட்டிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனோ எல்லோருக்கும் அவசரகாலப் பயிற்சி நடத்த வேண்டும் என்பது 2015 முதல் சர்வதேச விதி. அதற்குக் கட்டாயம் போங்கள். உண்மையான ஆபத்தில் லிஃப்ட் நின்றுவிடும், வண்டி உதவாது. பணியாளர்கள் தனி நாற்காலியில் வைத்துப் படிவழியே தூக்கிப் போவார்கள். அதற்கு உங்கள் அறை எண் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். ஏறிய அன்றே வரவேற்பில் போய், 'படி இறங்க முடியாதவர் இந்த அறையில் இருக்கிறார்' என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். படிவத்தில் எழுதியதோடு விட்டுவிட வேண்டாம்.

உப்புக் காத்துக்கு வண்டி துருப் புடிக்காதுங்களா? (வாசகர், காங்கேயம்)

பிடிக்கும். தினமும் மாலை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். குழாயைத் திறந்து பீய்ச்சாதீர்கள், மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும் தண்ணீர் போய்விடும். கடற்கரை மணலில் இறக்கவே வேண்டாம்.

விமானத்தில் வண்டி உடைந்துவிட்டால் யார் பொறுப்பு? (வாசகி, மேட்டுப்பாளையம்)

சர்வதேசப் பயணத்தில் விமான நிறுவனம் பொறுப்பு. ஆனால் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஒரு பயணிக்கு உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்குப் பணம்); 2024 டிசம்பர் 28 முதல் உள்ள அளவு இது, நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். வண்டி அதைவிட விலை என்றால், பெட்டி கொடுக்கும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்கும் கட்டணத்தைக் கட்டிவிடலாம். ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படமெடுங்கள். கைப்பிடி, கூடை, இருக்கை மெத்தை ஆகியவற்றைக் கழற்றித் தனியே கட்டுங்கள். அடிக்கடி காணாமல் போவது இவைதான். எப்படி மடிப்பது, நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று படத்தோடு ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸ்டியரிங் தண்டில் கட்டிவிடுங்கள். சேதம் தெரிந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்தால், வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத வேண்டும்.